38 டிகிரி உயர்ந்ததா, 38 டிகிரிக்கு உயர்ந்ததா?

கத்திரி வெயில் காலத்தில் காரைக்குடிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அந்த நேரத்தில் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் முகப்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தால், ஆத்தங்குடி டைல்ஸ் பாதத்தில் பட்டதுமே உடம்பு ஆசுவாசப்படும். "உள்ள வந்தாச் சூடு தணிஞ்சிரும், உக்காருங்க" என்பார் அந்த வீட்டு ஆச்சி. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் இந்தக் கோடை விடுமுறைக்கு எடுத்துக்கொண்ட ஆய்வும் இதுதான். பழைய செட்டிநாட்டு வீட்டுக்கும் புதிய கான்கிரீட் வீட்டுக்கும் வெப்பநிலையில் என்ன வித்தியாசம்?

அளக்கும் வேலை பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் தடுமாறினோம். முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "வெளியே இருந்த வெப்பம் வீட்டுக்குள் வந்ததும் 5 டிகிரி குறைந்தது." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அளந்தது வெப்பத்தை அல்ல. எதுவும் வெளியிலிருந்து உள்ளே வந்ததாக அவர்கள் காட்டவில்லை. எந்த எண்ணும் குறையவும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு கருவிகள் இரண்டு எண்களைக் காட்டின, அவ்வளவுதான்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்ய நாங்கள் என்னென்ன சொற்களை எடுத்துப் பார்த்தோம், எதை வைத்துக்கொண்டோம், எதை விட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். தமிழில் அறிவியல் அறிக்கை எழுதும் யாருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பிள்ளைகளின் அளவீடுகள் அவர்களுடைய அறிக்கையில் வரும்.

எந்தப் பெயர்ச்சொல்?

கையில் ஐந்து சொற்கள் இருந்தன: சூடு, வெயில், உஷ்ணம், வெப்பம், வெப்பநிலை.

சூடு என்பது தொட்டு உணர்வது. ஒரே அறையில் உள்ள தேக்குத் தூணையும் தரை டைல்ஸையும் தொட்டுப் பாருங்கள். தரை குளிர்ச்சியாக இருக்கும், தூண் அப்படி இருக்காது. இரண்டிலும் வெப்பநிலைமானியை வைத்தால் எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். தரை நம் கையின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது, அதுதான் காரணம். ஆகவே சூடு, குளிர்ச்சி என்ற சொற்களை எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். உஷ்ணம் இன்னும் சிக்கலானது. மாம்பழம் உஷ்ணம் என்று சொல்கிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

வெயிலைத்தான் பிள்ளைகள் விடமாட்டேன் என்றார்கள். நாளிதழ்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோமே, "வெயில் 100 டிகிரியைத் தாண்டியது" என்று. அந்த 100 ஃபாரன்ஹீட்டில் சொல்லப்படுவது, செல்சியஸில் 37.8. அது வெயிலில் எடுத்த அளவும் அல்ல. வானிலை நிலையங்களில் வெப்பநிலைமானியை நேர்வெயில் படாத, காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து அளக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று அதற்குப் பெயர். 100 டிகிரி என்பது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் கருவியை வைத்துவிட்டு "வெயில் இவ்வளவு" என்று எழுதினால், காற்றையும் சொல்லாமல் தரையையும் சொல்லாமல், கருவியின் பிளாஸ்டிக் கூடு எவ்வளவு காய்ந்தது என்பதைத்தான் சொல்வோம். எங்கள் முதல் நாள் அளவீடுகளை இதனாலேயே ஒதுக்கவேண்டி வந்தது.

மிச்சம் இருப்பவை வெப்பமும் வெப்பநிலையும். பாடப்புத்தகத்தில் வேறுபாடு சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எழுதும்போது கை வழுக்கிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை ஊருணியை வைத்துச் சொல்வதுதான் சுலபம். ஊருணியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, படிக்கட்டில் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது என்பது வேறு கேள்வி. தண்ணீரின் அளவு வெப்பம் என்றால், நீர்மட்டம் வெப்பநிலை. அதே நூறு குடம் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றினால் மட்டம் கண்ணுக்குத் தெரிய உயரும். ஊருணியில் ஊற்றினால் ஒரு விரல்கூட உயராது. கனமான செங்கல் சுண்ணாம்புச் சுவர் ஊருணி மாதிரி. நாள் முழுக்க வெப்பத்தை வாங்கியும் அதன் வெப்பநிலை கொஞ்சம்தான் உயர்கிறது. இந்த ஆய்வில் கண்டுபிடிக்கவேண்டிய விஷயமே இதுதான். அறிக்கையில் இரண்டு சொல்லையும் கலந்து எழுதினால், "சுவருக்கு வெப்பம் அதிகமாக வந்தது, வெப்பநிலை அதிகமாகவில்லை" என்ற முக்கியமான வாக்கியத்தை எழுதவே வழி இருக்காது.

இட்லிப் பானையும் இதையே காட்டும். தண்ணீர் கொதி வந்தபின் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், தண்ணீரின் வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டாது. வெப்பம் போய்க்கொண்டே இருக்கிறது, தண்ணீர் ஆவியாகிறது.

உயர்ந்தது, கூடியது, அதிகரித்தது, ஏறியது

பெயர்ச்சொல் முடிவானால் வினைச்சொல் பாதி முடிவாகிவிடும். நிலை என்றால் உயரும், குறையும். அளவு என்றால் அதிகரிக்கும், கூடும். ஊருணியில் தண்ணீர் அதிகரித்தது, நீர்மட்டம் உயர்ந்தது என்றுதானே சொல்கிறோம்? அதனால் வெப்பநிலைக்கு 'உயர்ந்தது, குறைந்தது' என்ற ஒரே இணையை அறிக்கை முழுக்க வைத்துக்கொண்டோம். 'அதிகரித்தது' தவறு என்று சொல்லமாட்டேன், நல்ல நூல்களிலும் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் உயர்ந்தது, அடுத்த பக்கத்தில் அதிகரித்தது, அப்புறம் ஏறியது என்று எழுதினால், படிப்பவர் இவை மூன்று வேறு நிகழ்வுகளோ என்று யோசிப்பார். கட்டுரைப் போட்டியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் மதிப்பெண் குறையும். அறிவியல் அறிக்கையில் திரும்ப எழுதுவதுதான் மரியாதை.

நம் அடுக்களைத் தமிழில் சூடேறுவதற்கு எத்தனை வினைகள்! எண்ணெய் காயும், தண்ணீர் கொதிக்கும், பால் பொங்கும், இரும்பு பழுக்கும், சோறு ஆறும். ஒவ்வொன்றும் பொருளையும் சொல்லி, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. "எண்ணெய் காய்ந்ததும் மாவை ஊற்று" என்றால் பணியாரம் சுடத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் எண் தேவையில்லை. தெரியாதவருக்கு அந்தச் சொல் எதுவும் சொல்லாது. அறிக்கை தெரியாதவருக்காக எழுதப்படுவது. அதனால் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாத, வெறும் மேல் கீழ் மட்டும் சொல்கிற வினை அங்கே வேண்டும்.

'எகிறியது', 'சரிந்தது', 'கடுமையாக உயர்ந்தது' ஆகியவற்றை எடுத்துவிட்டோம். மணி நேரத்துக்கு எத்தனை டிகிரி என்று எழுதிவிட்டால் வேகம் தானே தெரியும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். "3 மணி நேரத்தில் 6 டிகிரி உயர்ந்தது" என்பது இரண்டு அளவீடுகளைப் பற்றிய செய்தி. "மணிக்கு 2 டிகிரி வீதம் உயர்ந்தது" என்பதை, மூன்று மணி நேரமும் ஒரே சீராக உயர்ந்தது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் அளக்காமல் அப்படி எழுத நமக்கு உரிமை இல்லை.

ஓர் உருபு செய்யும் வேலை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்.

"வெப்பநிலை 6 டிகிரி உயர்ந்தது." "வெப்பநிலை 38 டிகிரி உயர்ந்தது." இலக்கணப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் படிப்பவர் முதலாவதை உயர்ந்த அளவு என்றும், இரண்டாவதை எட்டிய அளவு என்றும் புரிந்துகொள்வார். எப்படி? காரைக்குடியில் ஒரே நாளில் 38 டிகிரி உயராது என்று அவருக்குத் தெரியும், அதனால். அதாவது வாக்கியம் விட்ட வேலையை அவருடைய பொது அறிவு செய்கிறது. இதே வாக்கியத்தை ஓர் உலையைப் பற்றியோ மின்கலத்தைப் பற்றியோ எழுதினால் அந்தப் பொது அறிவு உதவாது. "மின்கலத்தின் வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தது" என்றால் 25-இலிருந்து 45-க்குப் போனதா, 5-இலிருந்து 20-க்கு வந்ததா? குளிர்ப் பிரதேசத்தில் "வெப்பநிலை 5 டிகிரி குறைந்தது" என்று சொன்னாலும் இதே குழப்பம்தான்.

தமிழ் இதற்கு நாலைந்து வழி தருகிறது. "38 டிகிரியாக உயர்ந்தது" என்றால் இப்போது நிலை 38. "38 டிகிரிக்கு உயர்ந்தது" என்றாலும் பொருள் கிட்டத்தட்ட அதுவே, பயணத்தின் முடிவு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். "38 டிகிரி வரை உயர்ந்தது" வேறு. 38-ஐத் தொட்டது, அதற்கு மேல் போகவில்லை, அப்புறம் இறங்கியிருக்கலாம். நாளின் உச்சத்தைச் சொல்ல இது பொருத்தம். மாலை ஆறு மணி நிலவரத்தைச் சொல்ல இது பொருந்தாது.

உயர்ந்த அளவை மட்டும் சொல்ல இலங்கைத் தமிழில் அழகான வழக்கு ஒன்று இருக்கிறது. அங்கே விலை உயர்வுச் செய்திகளில் "20 ரூபாவால் அதிகரிப்பு" என்று எழுதுவார்கள். இலங்கையில் கொண்டுவிற்ற (வணிகம் செய்த) குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால் இந்த 'ஆல்' எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குக் காதில் விழுந்த வழக்குதான். "வெப்பநிலை 6 டிகிரியால் உயர்ந்தது" என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை. துல்லியம் மட்டுமே கணக்கு என்றால் இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் இன்றைய தமிழ்நாட்டு வாசகர் 'ஆல்' என்றதும் காரணத்தைத் தேடுவார், "வெயிலால் வாடியது" என்பது போல. பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன், ஐவரில் மூவர் நின்று யோசித்தார்கள். அதனால் மனமில்லாமல் விட்டோம்.

கடைசியில் எடுத்துக்கொண்டது இது: "காலை 6 மணிக்கு 27 டிகிரி செல்சியஸாக இருந்த வெளிக்காற்றின் வெப்பநிலை, பிற்பகல் 2 மணிக்கு 38 டிகிரி செல்சியஸாக உயர்ந்தது, உயர்வு 11 டிகிரி." நீளம்தான். ஆனால் தொடக்கம், முடிவு, நேரம், எதன் வெப்பநிலை என்று எல்லாம் இருக்கிறது. உயர்வைத் தனிப் பெயர்ச்சொல்லாக வைத்ததால் உருபுச் சிக்கலும் வரவில்லை. எழுத்துப் பிழையில் ஓர் எண் மாறிப்போனாலும் மற்ற இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

குறைந்ததா, குறைவாக இருந்ததா?

முதல் வரைவின் பெரிய தவறு இங்கேதான் இருந்தது. "பட்டாலையில் வெப்பநிலை 5 டிகிரி குறைந்தது" என்றால், பட்டாலை என்று நாங்கள் சொல்லும் அந்தக் கூடத்திலேயே ஒரு நேரத்துக்கும் இன்னொரு நேரத்துக்கும் நடுவில் எண் இறங்கியது என்று பொருள். உண்மையில் மதியம் பட்டாலையிலும் வெப்பநிலை உயர்ந்துகொண்டுதான் இருந்தது, வெளியே உயர்ந்த அளவுக்கு உயரவில்லை. ஆக, எழுதவேண்டியது "குறைவாக இருந்தது". குறைந்தது என்பது காலத்தில் நடப்பது, குறைவாக இருப்பது இடத்துக்கு இடம் பார்ப்பது. வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும், ஏனென்றால் இடம் மாறுபவர் அவர். கருவி நகரவில்லை.

இதற்கேற்பப் பெயர்களையும் பிரித்துக்கொண்டோம். ஒரே இடத்தில் இரு நேரங்களுக்கு இடையே இருப்பது மாற்றம். ஒரே நேரத்தில் இரு இடங்களுக்கு இடையே இருப்பது வேறுபாடு. ஓர் இடத்தில் ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி வீச்சு. இயல்பு அளவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது விலகல். நான்கையும் 'வித்தியாசம்' என்ற ஒரே சொல்லால் பேச்சில் சமாளித்துவிடலாம். எழுத்தில் சமாளித்தால் அட்டவணையைப் படிப்பவர் எதிலிருந்து எதைக் கழித்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

விலகலை எங்கள் அறிக்கையில் சேர்க்கவே இல்லை. "இயல்பை விட 3 டிகிரி அதிகம்" என்று எழுதப் பிள்ளைகளுக்கு ஆசை. வானிலைத் துறை இயல்பு என்று சொல்வது 30 ஆண்டுச் சராசரியை, இப்போது 1991 முதல் 2020 வரையிலான காலத்தை. வெப்ப அலை என்ற சொல்லுக்கும் அவர்களிடம் வரையறை உண்டு. சமவெளியில் உச்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டி, இயல்பிலிருந்து 4.5 டிகிரியாவது விலகியிருக்கவேண்டும், அல்லது நேரடியாக 45-ஐ எட்டவேண்டும். மூன்று வாரம் அளந்த நமக்கு 'இயல்பு' கிடையாது. "அளந்த நாள்களின் சராசரியை விட" என்று எழுதலாம், அது உண்மை.

சராசரி என்ற சொல்லையும் விளக்காமல் விடக் கூடாது. உச்சத்தையும் தாழ்வையும் கூட்டிப் பாதியாக்கியதா, மணிக்கு ஒன்றாக 24 அளவீடுகளின் சராசரியா? இரண்டும் ஒரே எண்ணைத் தரவேண்டும் என்று இல்லை.

நேரத்தைச் சொல்லாமல் "பழைய வீட்டில் வெப்பநிலை குறைவு" என்று எழுதுவதும் ஆபத்து. கனமான சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுகிறது. விடியற்காலையில் வெளியில் இருப்பதை விட உள்ளே வெப்பநிலை அதிகமாக இருப்பது சாதாரணம். அப்போது அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். எந்த நேரத்திலும் நிற்கக்கூடிய வாக்கியம், வீச்சைப் பற்றியது: "வெளியே வீச்சு 11 டிகிரி, பட்டாலையில் 4 டிகிரி." பழைய வீட்டின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மடங்கு, சதவீதம், அலகு

20 டிகிரியிலிருந்து 40 டிகிரி ஆனால் வெப்பநிலை இரு மடங்கானதா? இல்லை. அதே மாற்றம் ஃபாரன்ஹீட்டில் 68-இலிருந்து 104. கெல்வினில் சுமார் 293-இலிருந்து 313, ஏழு சதவீதம்கூட இல்லை. செல்சியஸின் சுழியம் நீர் உறையும் இடத்தில் நாம் வைத்துக்கொண்ட குறி, வெப்பநிலையே இல்லாத இடம் அல்ல. ஆகவே வெப்பநிலைக்கு மடங்கும் சதவீதமும் வேண்டாம். ஆனால் வீச்சுக்கும் வேறுபாட்டுக்கும் தாராளமாகச் சொல்லலாம். 12 டிகிரி வீச்சு 6 ஆனால் பாதிதான், எந்த அலகில் பார்த்தாலும் பாதிதான். இது புரிந்தபோது ஒரு பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே!

அலகு மாற்றும்போது இன்னொரு குழி. பாரிஸ் உடன்படிக்கை (2015) பேசும் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்வை ஃபாரன்ஹீட்டில் சொன்னால் 2.7 டிகிரி. மாற்றும் கருவியில் 1.5 என்று தட்டினால் 34.7 என்று வரும், ஏனென்றால் அது 32-ஐக் கூட்டிவிடுகிறது. உயர்வுக்கு 1.8-ஆல் பெருக்கினால் போதும், 32 சேராது.

செல்சியஸா கெல்வினா என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை, காற்றுக்கு செல்சியஸ் போதும். மாற்றத்தைச் சொல்லும்போது 1 டிகிரி செல்சியஸும் 1 கெல்வினும் ஒரே அளவுதான். ஆனால் இது மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர். மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டில் 25 டிகிரி செல்சியஸை 25 என்று போட்டால் விடை கெட்டுவிடும், கெல்வினில் 298.15 என்றுதான் போடவேண்டும். நாளைக்கு அந்தப் பக்கம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக இதையும் சொல்லி வைத்தேன். கெல்வினுக்கு முன்னால் டிகிரி சேர்ப்பதை 1967-லேயே விட்டுவிட்டார்கள் என்பதையும், அந்த ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே 1948-இல்தான் 'சென்டிகிரேட்' போய் 'செல்சியஸ்' என்ற பெயர் வந்தது என்பதையும்.

நாங்கள் வைத்திருந்த மாதிரி விலை குறைந்த உணரிகளுக்குப் பெரும்பாலும் அரை டிகிரி வரை பிழை உண்டு. ஆகவே 33.47 என்று திரை காட்டினாலும் 33.5 என்றே எழுதினோம். இரண்டு அறைகளுக்கு இடையே 0.3 வந்த இடத்தில் "வேறுபாடு இல்லை" என்று எழுதாமல், "இந்தக் கருவிகளால் வேறுபாட்டைக் காண முடியவில்லை" என்று எழுதினோம். இல்லை என்பது வீட்டைப் பற்றிய தீர்ப்பு. காண முடியவில்லை என்பது நம்மைப் பற்றிய உண்மை.

ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. முடிவுரையில் "முற்றம் வீட்டின் வெப்பநிலையைக் குறைக்கிறது" என்று எழுதலாமா, "முற்றம் உள்ள வீட்டில் பகல் உச்ச வெப்பநிலை குறைவாகப் பதிவானது" என்று எழுதலாமா? முதலாவது கேட்க நிறைவாக இருக்கிறது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் முற்றம் மட்டுமா இருக்கிறது? கனமான சுவர், உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சு, அடுத்தடுத்த கட்டுகள் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்று நாங்கள் பிரிக்கவில்லை. அதனால் இரண்டாவதையே எழுதினோம். ஆச்சி சொன்ன "சூடு தணிஞ்சிரும்" அறிக்கையில் இருக்கிறது, வீட்டில் வசிப்பவர்கள் சொன்னவை என்ற தனிப் பகுதியில், மேற்கோளாக, எண் எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

அதே தெருவில் ஒரு வீட்டில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் ஷீட் போட்டிருக்கிறார்கள். வேண்டும்போது ஒரு பக்கம் இழுத்துத் திறக்கலாம். அடுத்த சித்திரையில் ஒரு வாரம் மூடியும் ஒரு வாரம் திறந்தும் அளந்துகொள்ள அந்த வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். 'குறைக்கிறது' என்ற வினை கிடைக்குமா என்று அப்போது பார்க்கவேண்டும்.